அந்தக் கமாவை மட்டும் விட்டுவிடேன்!

இங்கிலீஷைத் திருத்தித் தரும் செயலி ஒன்றின் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம். "நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டான். இந்த மாதிரிச் செயலிகள் என்னென்ன செய்யும் என்பது ஊருக்கே தெரியும். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. எங்களுடையது ஏற்றுமதி அலுவலகம், நாள் முழுக்க லண்டனுக்கு மெயில். 'டிஸ்கஸ் அபௌட்', 'ரிட்டர்ன் பேக்' மாதிரி பிழையெல்லாம் இதன் கண்ணில் படாமல் தப்பாது. 'இட்ஸ்' என்பதில் அபாஸ்ட்ரஃபி வருமா, வராதா என்ற குழப்பம் அலுவலகத்தில் அடியோடு போய்விட்டது. வாட்ஸ்அப் பழக்கத்தில் 'ஐ'யையும் கிழமைப் பெயரையும் சின்ன எழுத்தில் தட்டும் பிள்ளைகளுக்கு இது நல்ல வாத்தியார்.

அப்புறம் அந்தக் கமா. 'சர்ட்ஸ், டவல்ஸ் அண்ட் பெட்ஷீட்ஸ்' என்று அடித்தால் போதும், 'அண்ட்'டுக்கு முன்னால் கமா எங்கே என்று கோடு போட்டுவிடும். வேண்டாம் என்று தள்ளினால் அடுத்த மெயிலில் மறுபடி வந்து நிற்கும். பிரிட்டிஷ் இங்கிலீஷ் என்று செட்டிங்கில் மாற்றியும் அடங்கவில்லை. இத்தனைக்கும், இந்தக் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் கமா என்று பெயர் இருந்தாலும் இங்கிலாந்தில் பெரும்பாலோர் அதைப் போடுவதில்லை. அமெரிக்காவிலேயே, எளிய பட்டியலுக்கு அது தேவையில்லை என்பதுதான் ஏபி செய்தி நிறுவனத்தின் எழுத்து விதி.

"மெய்ன் மாநில கேஸ் தெரியாதா?" என்பார் பக்கத்து சீட்காரர். தெரியும். அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் ஓவர்டைம் கிடையாது என்று சட்டம் அடுக்கிய வேலைகளில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று, 'ஆர்'ருக்கு முன்னால் கமா இல்லாமல் இருந்தது. விநியோகம் தனி வேலையா, அதற்கான பேக்கிங்கா? பேக்கிங்தான் என்றால் விநியோகம் செய்யும் எங்களுக்கு ஓவர்டைம் உண்டு என்று ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்து டிரைவர்கள் வழக்காடினார்கள். 2017-இல் அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. சரி, குழப்பம் வரும் இடத்தில் போடட்டும். சட்டைக்கும் துண்டுக்கும் நடுவில் என்ன குழப்பம் வந்துவிடும்?

ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்வதை 'ப்ரீபோன்' என்று எழுதினாலும் சிவப்புக் கோடுதான். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் ஏறிவிட்ட சொல் அது. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு பிபி ஏறும், விடுங்கள்.

மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு தாராளமாகப் போடுவேன். ஆனால் இந்த வருடம் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை, பாதி விலை என்றாலும். இலவசப் பதிப்பு எழுத்துப் பிழையைக் காட்டுகிறது, கேபிடல் எழுத்தைப் பார்த்துக்கொள்கிறது, கமா பக்கமே வருவதில்லை. எனக்கு அது போதும். நண்பன் எழுதுவது அமெரிக்க கம்பெனிக்கு. அங்கே அந்தக் கமாவைக் கேட்டு வாங்குகிறார்களாம். அவன் வாங்கிக்கொள்ளட்டும்.