மாலத்தீவில் ஆசிரியர் வேலை என்று நம்பி 1,35,000 ரூபாயைப் பறிகொடுத்தேன்

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. நேற்று மாலை போய்ப் பார்த்தால், பணம் வாங்கிய ஏஜென்சியின் அலுவலகத்தில் பூட்டு தொங்குகிறது. வெளிநாட்டு வேலைக்கு முயலும் ஆசிரியர்கள் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். தனியார் மெட்ரிக் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் பாடம் நடத்தியும் சம்பளம் 19,000 ரூபாயைத் தாண்டவில்லை. என்னோடு பி.எட். படித்த தோழி மாலத்தீவில்தான் வேலை பார்க்கிறாள். அதனால், ஆசிரியர்களை மட்டுமே வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன சென்னை ஏஜென்சி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அப்பாவும் நானும் நேரில் போனோம். நகையை அடகு வைத்த பணம், மஞ்சள் பையில். அங்கிருந்த ஏஜென்ட் எச்சில் தொட்டுக் கையாலேயே எண்ணினார். எண்ணி முடித்ததும், "ஐயா, ஒரு ஐந்நூறு கூடுதலாக இருக்கிறது, பிடியுங்கள்" என்று அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும்போது, "நாணயமான ஆளம்மா" என்றார் அப்பா. அந்த ஐந்நூறு ரூபாய் நோட்டை நம்பித்தான் 1,35,000 ரூபாயை விட்டுவிட்டு வந்தோம். அட்டெஸ்டேஷனுக்கு என்று என் அசல் சான்றிதழ்களையும் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, "விசா வந்ததும் மொத்தமாகத் தருகிறோம் டீச்சர்" என்றார்.

இரண்டு வாரத்தில் பணி நியமனக் கடிதம் வந்தது. அதைப் பூஜையறையில் வைத்துக் குங்குமம் இட்டேன். வேலை நாட்கள் திங்கள் முதல் வெள்ளி வரை என்று அதில் அச்சாகியிருந்தது. மாலத்தீவில் வெள்ளி விடுமுறை. ஞாயிறு முதல் வியாழன் வரைதான் பள்ளி. தோழி பார்த்தவுடனே அதைத்தான் கேட்டாள். அந்தப் பள்ளிக்கே போன் செய்தேன். அப்படி யாரையும் எடுக்கவில்லை என்றார்கள்.

அதன் பிறகு ஏஜென்சியைக் கேட்டால், "தட்டச்சுப் பிழை மேடம்." அடுத்த வாரம், "அங்கே நோன்பு மாதம், பொறுங்கள்." அடுத்து, "சுற்றுலா விசாவில் போய்விடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்." பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அது சேவைக் கட்டணம், தர முடியாது." டீச்சர் என்று அழைத்த அதே குரல் கடைசியில், "நீங்கள் யார், எந்த ஃபைல்?" என்று கேட்டது. 1,35,000 ரூபாய்! என் ஏழு மாதச் சம்பளம்!

மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் உரிம எண்ணை அதில் தேடிப் பாருங்கள். நான் இன்று காலைதான் தேடினேன். அது வேறொரு நிறுவனத்தின் எண். விதிப்படி ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழை விட்டுவிட்டு வராதீர்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

மீதியை எழுத இப்போது முடியவில்லை. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். கமிஷனர் அலுவலகத்துக்குக் கிளம்புகிறோம். அந்த ஏஜென்ட்டின் மேஜையில் என்னுடையதைப் போல இன்னும் பல சான்றிதழ்கள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அவை உங்களுடையவையாக இருந்தால் நீங்களும் இன்றே புகார் கொடுங்கள்.