மொரீசியசில் பழைய வீட்டுச் சாயலில் கராஜ்: யாரிடம் எந்த வேலை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்து பூர்வீக வீட்டோரம் காருக்கும் கைவேலைக்குமாக ஒரு கட்டடம் போட நினைப்பவர்கள் கேட்கும் தோற்றம் அநேகமாக ஒன்றுதான்: நாலு பக்கமும் சரியும் தகரக் கூரை, ஓரத்தில் பூவேலை வெட்டிய லாம்ப்ரகேன் என்ற தொங்கல் பட்டை, வெள்ளைப் பலகைச் சுவர், பச்சைக் கதவு. மொக்காவில் யுரேக்கா மாளிகையைப் பார்த்துவிட்டு வந்தால் ஆசை இன்னும் கூடும். தோற்றம் மரத்திலும் தகரத்திலும் இருக்கட்டும். பலம் கான்கிரீட்டில்தான் இருக்க வேண்டும். 1960இல் கரோல் புயல் மணிக்கு 256 கி.மீ. வேகத்தில் வீசி மரவீடுகளை ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகே தீவு முழுக்க சிமெண்ட் கல்லும் தட்டைக் கூரையும் பரவின.

முதல் வேலை கொத்தனாரிடம் அல்ல, வரைபடக்காரரிடம். நகரசபையோ மாவட்ட சபையோ தரும் கட்டட, நிலப் பயன்பாட்டு அனுமதி இல்லாமல் கல் இறக்கக் கூடாது. பத்திரம், இட வரைபடம், கட்டட வரைபடம் எல்லாவற்றையும் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள். நிலம் வாரிசுகளுக்குள் பிரிக்கப்படாமல் கிடந்தால் அண்ணன் தம்பிகளின் சம்மதக் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். விடுமுறையில் பாதியைத் தின்பது இந்தக் காகிதங்கள்தான். மே முதல் அக்டோபர் வரை கட்டுவது நல்லது. நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும், டிசம்பர் கடைசியில் கொத்து வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது.

ஒரு காரும் பின்னால் ஒரு வேலை மேசையும் கொள்ள 4 × 7 மீட்டர் போதும். 2.7 மீட்டர் உயரச் சுவரில் கதவு, ஜன்னல் போக சுமார் 49 சதுர மீட்டர் கட்டு வேலை வரும். 450 × 200 மி.மீ. முகமுள்ள, 150 மி.மீ. தடிமனான சிமெண்ட் கல்லில் உடைசலோடு 535 வாங்குங்கள். கடற்கழி மணல் எடுப்பது 2001இல் தடைசெய்யப்பட்டதால் இப்போது கிடைப்பது கருங்கல்லை உடைத்த மணல். அது சொரசொரப்பானது, கொத்தனார் இளக்கத்துக்காகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவார். பூச்சு வெடிப்பது அதனால்தான். தண்ணீரைக் குறைத்து, பூச்சுக் கலவையில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கச் சொல்லுங்கள். தரை 100 மி.மீ. கான்கிரீட், அதற்குள் கம்பி வலை, வாசல் பக்கம் 70 மி.மீ. சரிவு.

கண்காணிக்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால், சுவர் உச்சியில் பீம் ஊற்றும் நாள். 150 × 200 மி.மீ. பீம், 12 மி.மீ. கம்பி நாலு, அவற்றைச் சுற்றி 200 மி.மீ.க்கு ஒரு ரிங். கூரையின் மர உத்தரத்தைப் பிடிக்கும் 12 மி.மீ. போல்ட்டுகள் 900 மி.மீ.க்கு ஒன்றாக, ஊற்றுவதற்கு முன்பே கம்பிக்குள் கொக்கி போட்டு நிற்க வேண்டும். கொத்தனார் இதைத் தச்சர் பார்த்துக்கொள்வார் என்பார். தச்சர் காய்ந்த கான்கிரீட்டில் துளை போட்டு விரியும் போல்ட்டைத் திணிப்பார். பீமின் ஓரத்தில் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு அது பிடுங்கி வரும். இருவரையும் ஒரே நாளில் வரவழையுங்கள்.

கூரைக்கு நாலுபுறச் சரிவு அழகுக்காக மட்டுமல்ல. இரண்டு முகடுச் சுவர் வைத்த கூரையைவிட அது காற்றைத் தாங்கும். சரிவு 30 பாகை, ஓர நீட்டம் 300 மி.மீ. என்றால் தகரம் சுமார் 40 சதுர மீட்டர். மூலைகளைச் சாய்த்து வெட்டுவதில் வீணாகும் என்பதால் 46 வாங்குங்கள். தகரத்தைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளி நடுவில் 900 மி.மீ., ஓரங்களில் 600. ஓர வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் ரப்பர் வாஷர் வைத்த திருகு வேண்டும். ஆணி வேண்டவே வேண்டாம். முன்னால் தாழ்வாரம் வேண்டுமானால் அதன் கூரையைத் தனியாக வையுங்கள். பிய்ந்தால் அது மட்டும் போகும்.

லாம்ப்ரகேனைத் தச்சரிடம் கேட்டால் மரத்தில் செய்கிறேன் என்பார். தகர வேலைக்காரரிடமே கொடுங்கள். கூரைச் சுற்றளவு 24.4 மீட்டர், 1.22 × 2.44 மீட்டர் தகட்டை 200 மி.மீ. பட்டைகளாக வெட்டினால் தகட்டுக்கு ஆறு, ஆக இரண்டு தகடு போதும். அச்சை மட்டும் நீங்களே காகிதத்தில் எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது பழைய வீட்டின் ஒரு துண்டைக் கழற்றிக் காட்டுங்கள். பட்டறையில் இருக்கும் அச்சு எல்லா வீட்டிலும் தொங்குகிறது. புதுத் துத்தநாகத் தகரத்தில் நேரே பெயின்ட் அடித்தால் ஒரு வருடத்தில் செதிலாக உரியும், அதற்கான பிரைமர் முதலில் அடிக்க வேண்டும்.

பலகைச் சுவர் கல்லுக்கு மேல் ஒரு போர்வைதான். 25 மி.மீ. சட்டம் அடித்து, பின்னால் காற்றோட விட்டு, அடிவிளிம்பைத் தரையிலிருந்து 200 மி.மீ. தூக்கி நிறுத்துங்கள். கீழே கருங்கல் பட்டை வைத்தால் பழமையும் வரும், கரையான் ஏறினால் கண்ணிலும் படும். மருந்தேற்றிய பைன் மரத்தில், மருந்தின் தரத்தைச் சொல்லும் எச்3 முத்திரை சுவருக்கு. மண்ணைத் தொடும் எதற்கும் எச்4. அறுத்த முனைகளுக்கு மருந்தை மறுபடி பூச யாரும் தாமாக முன்வருவதில்லை.

புயலில் முதலில் போவது பெரிய கதவு. அது திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கிவிடும். 2.7 மீட்டர் அகல வாசலுக்கு இரட்டை மரக்கதவு போடுங்கள். பலகைக்குப் பின்னால் இரும்புச் சட்டம், மேலும் கீழும் 16 மி.மீ. தாழ்க்கம்பி, குறுக்கே ஒரு கனத்த சட்டம். வெல்டிங் மெஷினுக்குத் தனி 32 ஆம்பியர் இணைப்பு, 6 ச.மி.மீ. கேபிள், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு பிரேக்கர்.

விலைச்சீட்டு வாங்கும்போது 15 சதவீத வாட் வரி உள்ளடங்கியதா என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் அது எப்போதும் வெளியே நிற்கும். கூலியை அடித்தளம், பீம், கூரை, பூச்சு என்று கட்டத்துக்குக் கட்டம் கொடுங்கள். கூரைக்காரரின் கடைசித் தவணையை ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் விட்டுவிட்டு, முதல் பெருமழை ஒழுகாமல் போன பிறகு தரச் சொல்லுங்கள்.