கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்: பி450 டொமஹாக் மேக்ஸ் மதர்போர்டுடன் ஐந்தரை வருடம்

2019 மே மாதம், வேலூர், மதியம் மூன்று மணி. அண்ணன் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை ரெண்டருக்கு (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து மவுஸை நகர்த்தினால், அரை நொடி கழித்துத்தான் அம்புக்குறி நகர்கிறது. டாஸ்க் மேனேஜர் திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. அதில் ப்ராசசர் வேகம் 0.55 கிகாஹெர்ட்ஸ். நான் ஓவர்கிளாக் செய்து, அதாவது தொழிற்சாலை வேகத்துக்கு மேல் ஏற்றி, வைத்திருந்ததோ 3.8. ப்ராசசர் வெப்பநிலை 70 டிகிரியைக்கூடத் தொடவில்லை.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ப்ராசசர் பொருந்தும் சாக்கெட்டுக்கு இடப்பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. மேசை விசிறியை அந்த இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேகம் தானாக 3.8க்கு ஏறியது. விசிறியை எடுத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி 0.55. அன்றைக்கு முழுக்க அந்த விசிறி கணினிக்குத்தான் ஓடியது. நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மதர்போர்டு எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 2017இல் ஏழாயிரத்துக்கு உள்ளே வாங்கிய பி350 போர்டு; பி350 என்பது அதிலிருக்கும் சிப்செட்டின், அதாவது போர்டை நிர்வகிக்கும் துணைச் சில்லின், பெயர். கூடவே வாங்கியது ஏஎம்டியின் ரைசன் 5 1600 ப்ராசசர். அந்தச் சமயத்தில் நம்மைப் போல் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். இன்டெல் பக்கம் போனால் வேகப் பூட்டில்லாத 'கே' ப்ராசசரும் வேண்டும், இசட் வரிசை சிப்செட்டும் வேண்டும். ஏஎம்டியில் எல்லா ரைசனும் பூட்டில்லாமல் வந்தது, பி350 மாதிரி நடுத்தர சிப்செட்டிலேயே ஓவர்கிளாக் செய்யலாம். ஏ320 மட்டும்தான் அனுமதிக்காது. அதனால் 'பி350 என்றால் போதும்' என்று நினைத்து, இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். சிப்செட் அனுமதிப்பது வேறு, போர்டு தாங்குவது வேறு என்பதை அந்த மே மாதம்தான் தெரிந்துகொண்டேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் போர்டு வாங்கும்போது பார்க்கவேண்டிய முக்கியமான இடம் இதுதான். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியது 1.2, 1.3 வோல்ட் அளவுதான். இந்த மாற்றத்தைச் செய்வது சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம். சின்னக் கனசதுரம் மாதிரி வரிசையாக நிற்கிற சோக்குகளும், பக்கத்தில் கறுப்புச் சில்லுகளாக இருக்கும் மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்த பகுதி. ஓவர்கிளாக் செய்த ஆறு கோர் ப்ராசசர் 110 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.35 வோல்ட்டில் அது ஏறத்தாழ 81 ஆம்பியர். சோக்கும் மாஸ்ஃபெட்டும் சேர்ந்த ஒரு தொகுதிதான் ஒரு ஃபேஸ்; நான்கு ஃபேஸ் இருந்தால் ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் சுமக்கவேண்டும். மின்தடையால் வரும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் அந்தச் சூடு இரண்டேகால் மடங்கு. என் பழைய போர்டில் மாஸ்ஃபெட் மேல் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் என்று ஒன்றுமே இல்லை.

சரி, 2017இலும் 2018இலும் ஓடிய போர்டு 2019இல் மட்டும் ஏன் திணறியது? அந்த மார்ச்சில் டவர் கூலர் மாற்றியிருந்தேன். ப்ராசசரோடு வந்த ரெய்த் ஸ்பையர் கூலர் மேலிருந்து கீழ்நோக்கிக் காற்றடிக்கும். அந்தக் காற்று போர்டில் பட்டுச் சிதறி விஆர்எம்மையும் குளிர்வித்துக்கொண்டிருந்தது. டவர் கூலரின் காற்றோ பக்கவாட்டில் போய் நேராகப் பின்பக்கம் வெளியேறிவிடும். ப்ராசசர் சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது, எனக்கும் மகிழ்ச்சி. விஆர்எம்முக்கு இருந்த ஒரே காற்றையும் நானே நிறுத்திவிட்டேன் என்பது தெரியாது. அந்த போர்டில் விஆர்எம் சூட்டைக் காட்டும் சென்சாரும் கிடையாது. அளவு தாண்டியதும் போர்டு ப்ராசசரின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அந்த 0.55 அதுதான்.

டிசம்பரில் சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடைகளில் விளக்கு எரிகிற போர்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் வயதானவர். என்ன வேலைக்கு என்று முதலில் கேட்டார். வீடியோ ரெண்டர், ஓவர்கிளாக், மணிக்கணக்கில் ஓடும் என்றேன்.

"அப்ப இதைத் தூக்கிப் பாருங்க தம்பி" என்று இரண்டு போர்டுகளை இரண்டு கையிலும் கொடுத்தார். ஒன்றில் ஹீட்சிங்க் என்று இருந்தது மெல்லிய அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் ஊசிகளால் பொருத்தியது. விரலால் தட்டினால் ஆடியது. மற்றதில் கனமான கட்டியாக, வெட்டுகள் விட்டு, பின்னாலிருந்து திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. "எடை பொய் சொல்லாது" என்றார். அந்த இரண்டாவதுதான் எம்எஸ்ஐ பி450 டொமஹாக் மேக்ஸ். பத்தாயிரத்தை ஒட்டிய விலை. வேறு எங்கும் விசாரிக்காமல் வாங்கிவிட்டேன்.

பழைய 1600ஐயே அதில் மாட்டினேன். முதலில் கவனித்தது வோல்டேஜ். பழைய போர்டில் 1.35 என்று வைத்தால், சுமை ஏறும்போது 1.28க்கு இறங்கிவிடும், ரெண்டர் பாதியில் நிற்கும். அதனால் 1.4 வரை கூட்டி வைத்திருந்தேன், அது இன்னும் சூட்டைக் கூட்டியது. டொமஹாக்கில், சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடிக்கும் லோட்லைன் காலிப்ரேஷன் எட்டு நிலைகளில் இருக்கிறது. எம்எஸ்ஐயில் 1 என்பதுதான் பலமான நிலை, 8 மிதமானது. சில கம்பெனிகளில் இது தலைகீழ், பார்த்து வையுங்கள். நான் 3இல் வைத்தேன். 3.8 கிகாஹெர்ட்ஸுக்கு 1.325 வோல்ட்டே போதுமாக இருந்தது. அதே ப்ராசசர், அதே வேகம், வோல்டேஜ் குறைவு. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 'மாஸ்' என்ற பெயரில் விஆர்எம் வெப்பநிலை தெரியும். 2020 கத்திரியில் அறை 36 டிகிரி இருந்தபோது மூன்று மணி நேர ரெண்டருக்குப் பிறகும் அது 80ஐத் தாண்டவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால் மிகையில்லை, ஏனென்றால் மறுநாள் காலை வீடியோ கொடுக்கவேண்டியிருந்தது.

ரேம் விஷயம் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அது போர்டின் குறை அல்ல. முதல் தலைமுறை ரைசனின் மெமரி கன்ட்ரோலர் 3200இல் நிலையாக நிற்கவில்லை. 2933இல் ஓட்டினேன். ரைசனில் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் வேகத்தோடு சேர்ந்து ஓடுவதால், ரேம் வேகம் கூடினால் விளையாட்டுகளில் நன்றாகவே தெரியும். நான்கு ரேம் குச்சி போடுவதைவிட இரண்டு போடுவது நல்லது, இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்.

2022இல் ரைசன் 5 5600 வந்தது. இங்கேதான் அந்த 'மேக்ஸ்' என்ற சொல்லின் மதிப்பு தெரிந்தது. 'மேக்ஸ்' இல்லாத பழைய டொமஹாக்கில் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் சில்லு 16 எம்பி. எல்லாத் தலைமுறை ரைசனுக்குமான மென்பொருளும் அதில் அடங்காமல், அழகான பயாஸ் திரையையே சுருக்கவேண்டி வந்தது. மேக்ஸில் 32 எம்பி. பி450க்கு ரைசன் 5000 கிடையாது என்று ஏஎம்டி 2020 மே மாதத்தில் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதமே மாற்றிக்கொண்டது. அப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, இரண்டு வருடம் கழித்து 5600ஐ மாட்டியபோது தீர்ந்தது. போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் ஃப்ளாஷ் பட்டன் இருக்கிறது. பென் டிரைவை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து, கோப்பின் பெயரை எம்எஸ்ஐ.ரோம் என்று மாற்றி, அதற்கான யுஎஸ்பி துளையில் செருகி அழுத்தினால் போதும். ப்ராசசர், ரேம் எதுவும் வேண்டாம். சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களுக்கு யுபிஎஸ் பக்கத்திலேயே நின்றேன். கரன்ட் போனால் என்ன ஆகும் என்ற பயம்.

5600க்கு வந்தபின் ஓவர்கிளாக் செய்யும் முறையே மாறிவிட்டது. எல்லாக் கோருக்கும் ஒரே வேகம் வைப்பதில் இப்போது பெரிய லாபமில்லை, தனி கோர் வேகத்தில் நஷ்டம்கூட. தொழிற்சாலை வரம்பு 76 வாட், 60 ஆம்பியர், நொடிப்பொழுது உச்சத்துக்கு 90 ஆம்பியர். ப்ராசசர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ள விடும் பிபிஓ என்ற அமைப்பில் இந்த வரம்புகளைத் தளர்த்தி, கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜைக் குறைப்பதுதான் வழி. ஆசைப்பட்டு எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்தேன். ரெண்டர் அருமையாக ஓடியது. ஆனால் சும்மா இருக்கும்போது, பாட்டுக் கேட்கும்போது, திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். லேசான வேலையில்தான் ஒரு கோர் தன் உச்ச வேகத்துக்குத் தாவும், அங்கேதான் வோல்டேஜ் போதாமல் போகும். கோர்சைக்ளர் என்ற கருவியை இரவு முழுக்க ஓட்டி, பலவீனமான இரண்டு கோர்களைக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் மைனஸ் 12க்குக் கொண்டுவந்தேன். அதன்பின் தொல்லை இல்லை. 3200 ரேமும் 3600இல் (அதன் உண்மையான கடிகார வேகம் பாதி, 1800), ஃபேப்ரிக்கும் 1800இல், ஒன்றுக்கு ஒன்றாக நிற்கிறது.

குறைகளும் சொல்லவேண்டும். எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான், அதற்கு ஹீட்சிங்க் கிடையாது. வைஃபை இல்லை. எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டுக்கான வேகமான இணைப்பான பிசிஐஇ 4.0 இல்லை, 5600 அதைத் தாங்கும் என்றாலும் பி450இல் 3.0தான். என் வேலைக்கு இவை தடையாக இல்லை. வேகமான எஸ்எஸ்டி இரண்டு வேண்டும் என்பவர்கள் பி550க்குப் போவதே சரி. 2023இல் பயாஸ் பேட்டரி தீர்ந்து எல்லா செட்டிங்கும் அழிந்தது. ஒரு சிஆர்2032 பேட்டரி மாற்றினேன். ப்ரொஃபைலை பென் டிரைவில் சேமித்து வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. நீங்களும் சேமித்து வையுங்கள். அப்புறம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்சிங்க் வெட்டுகளில் படியும் தூசியை ப்ளோயரால் ஊதிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தூசிக்கு இது கட்டாயம்.

இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கும் வரிசை இதேதான். முதலில் சிப்செட் ஓவர்கிளாக்கை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஏ320, ஏ520, ஏ620 மூன்றிலும் ப்ராசசர் ஓவர்கிளாக் கிடையாது. ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5இல் பி650இலிருந்து தொடங்கலாம். இன்டெல் பி660, பி760இல் ரேமை ஏற்றலாம், ப்ராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை ஏற்ற முடியாது. அடுத்து, பெட்டியில் போட்டிருக்கும் ஃபேஸ் எண்ணிக்கையை நம்பாதீர்கள். எட்டு சோக் தெரிந்தாலும், உள்ளே கன்ட்ரோலர் நான்கு ஃபேஸைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஹீட்சிங்க் எடையாக இருக்கிறதா, திருகாணி போட்டிருக்கிறதா, விஆர்எம் சென்சார் உண்டா என்று கேளுங்கள். யாராவது சோதனை செய்திருந்தால் அறை வெப்பநிலை என்ன என்று பாருங்கள். 22 டிகிரி அறையில் எடுத்த அளவோடு, நம்மூர் மே மாதத்துக்குக் குறைந்தது பதினைந்து டிகிரி கூட்டிக்கொள்ளவேண்டும். டவர் கூலர் போடுவதாக இருந்தால் கேபினட்டின் மேல்பக்கமோ பின்பக்கமோ ஒரு விசிறி விஆர்எம் பக்கம் காற்றை இழுக்கும்படி வையுங்கள். இவ்வளவும் பார்த்தபிறகு பணம் மிச்சமிருந்தால் விளக்கு, அலங்காரம் எல்லாம் உங்கள் விருப்பம்.

பழைய பி350 போர்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. சாதாரண வேகத்தில், ரெய்த் ஸ்பையரை மறுபடி மேலே மாட்டி, மலிவாகக் கிடைத்த பழைய ரைசன் 3 ஒன்றைப் போட்டு அண்ணனின் ஸ்டுடியோவில் வைத்திருக்கிறோம். பில் போடுவது, பாஸ்போர்ட் போட்டோ வெட்டுவது எல்லாம் அதில்தான். இந்த மே மாதமும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.