'ப' எழுதிப் பாருங்கள்: அழகெழுத்துக்கு எந்தப் பேனை?

ஹட்டனில் ஆடி மாத மழை பிடித்தால் லேசில் விடாது. வேலை முடிந்து வந்து ஈரச் சப்பாத்தைக் கழற்றியதும் கை போனைத் தேடும். அந்த நேரத்தை நான் அழகெழுத்துக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. கலிகிராபி என்றால்தான் பலருக்குப் புரியும். பேனைகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில், தமிழ் எழுதுகிறவருக்கு எது மனதை ஆற்றும் என்று எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது.

எல்லாரும் முதலில் ஆசைப்படுவது மையில் தொட்டு எழுதும் கூர்முனைப் பேனைக்குத்தான். நிக்கோ ஜி போன்ற ஒரு நிப், அதைச் செருக ஒரு பிடி. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே போகும்போது அழுத்தாமல் விட்டால் மயிரிழையாய் ஓடும். எழுதும் வரிக்கு 55 பாகையில் சாய்ந்து நிற்கும் ஆங்கிலக் காப்பர்பிளேட் எழுத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. தமிழுக்கு? ஒரு 'ப' எழுதிப் பாருங்கள். இடது கால் கீழே வரும், தடிக்கும். வலது கால் மேலே ஏறும், நூலாகிவிடும். எழுத்தே ஒரு பக்கம் சரிந்தது போலிருக்கும். 'ண'வுக்கு வந்தால் இன்னும் சிரமம். சுழி மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் கை கொஞ்சம் அழுந்தினாலும் முனை கடதாசியைக் குத்தி மை தெறிக்கும். களைத்து வந்த மாலையில் அது ஓய்வாக இருக்காது.

அந்தக் காலத்தில் ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். தடிப்பு, மெலிவு இல்லாமல் ஒரே கனம். அதனால் எங்கே தடிக்க வேண்டும் என்பதை நாம் பிடிக்கிற பேனையே தீர்மானிக்கிறது. பேனையைத் தேர்வதில் நான் இவ்வளவு கவனம் எடுப்பது இதனால்தான்.

தூரிகைப் பேனை சுத்தமானது. டொம்போ ஃபுடெனோசுகே கடின முனையிலும் மென்முனையிலும் வருகிறது. மை கொட்டாது, பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் தடிப்பு இதிலும் அழுத்தத்தால்தான் வருகிறது, ஆகவே 'ப'வின் சிக்கல் அப்படியே இருக்கும். சொரசொரப்பான கடதாசியில் முனை சீக்கிரம் பிய்ந்துவிடும்.

அப்புறம் பட்டை முனை. என் மனம் நின்றது இதில்தான். பைலட் பரலல் பேனையில் இரண்டு தட்டையான உலோகத் தகடுகளுக்கு நடுவே மை இறங்கும், 1.5, 2.4, 3.8, 6.0 மில்லிமீற்றர் அகலங்களில் கிடைக்கும். முனையின் தட்டை விளிம்பை எழுதும் வரிக்கு 30 பாகையில் பிடித்து, அந்தக் கோணத்தை மாற்றாமல் இருந்தால் போதும், அழுத்தவே வேண்டாம். 'ப'வின் இரண்டு காலும் ஒரே தடிப்பில் நிற்கும், அடிக்கோடு தானாக மெலியும். மெய்யெழுத்தின் புள்ளி சின்னச் சாய்சதுரமாய் விழும், பார்க்கவே ஆசையாக இருக்கும். விரலுக்கு வேலை குறைவதால் மூச்சும் நிதானமாகிறது. இங்கிலாந்தின் எட்வர்ட் ஜோன்ஸ்டன் கற்பித்த அடிப்படை எழுத்தில் உயரம் முனை அகலத்தைப் போல நான்கு மடங்கு. நம் சுழிகள் அடைபடாமலிருக்க நான் ஐந்து மடங்கு வைக்கிறேன், 2.4 முனைக்கு 12 மில்லிமீற்றர். ஒன்று மட்டும் கவனம்: இந்தியன் இங்க்கை இதற்குள் ஊற்றிவிடாதீர்கள், காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பேனை கைக்கு எட்டாத விலையென்றால் ஒரு மூங்கில் குச்சி போதும். நுனியைச் சரிவாகச் சீவி, தட்டையாக வெட்டி, நடுவில் சின்னதாய் ஒரு பிளவு விடுங்கள். மை தீர்ந்த நாளில் நன்றாகக் கொதிக்கவைத்த கடுஞ்சாயத் தேநீரில் தொட்டுத்தான் பழகினேன். வெளிர் பழுப்பில், கோடு முடியும் இடத்தில் மட்டும் சாயம் தேங்கிக் கொஞ்சம் கறுத்து, அழகாகவே வந்தது. அடிக்கடி தொட வேண்டியிருக்கும், ஆனால் அதுவே ஒரு தாளம்.

எந்தப் பேனையானாலும் மலைநாட்டில் கடதாசியைக் காப்பாற்ற வேண்டும். மூடுபனியின் ஈரம் ஏறிய தாளில் மை பரவி, கோட்டின் ஓரம் பஞ்சாகிவிடும். சாதாரணக் கொப்பித் தாளில் இன்னும் மோசம். நான் வழுவழுப்பான தடித்த தாள்களை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வைத்து, எழுதும் நேரத்தில் மட்டும் எடுக்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் மூங்கிலில் ஒரு மாதம் பழகிவிட்டு, கை கோணத்தைப் பிடித்த பிறகு 3.8 முனை வாங்கினால் சரி. மூங்கிலையும் வைத்துக்கொள்ளுங்கள், முனை மழுங்கினால் ஒரு மில்லிமீற்றர் சீவிவிட்டால் மறுபடி எழுதும்.