டாரட்டோடு நான்கு வருடம்: தலைகீழாக வருகிற கார்டை என்ன செய்வது?

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள். "நாலு வருஷமா அந்தக் கட்டும் கையுமா திரியறியே, நானும் கத்துக்கட்டுமா? எது வாங்கட்டும்?" ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கும், படக் கார்டுகளை எடுத்து வைத்துப் பலன் சொல்கிற இந்த டாரட்டுக்கும் ஒரு தீராத வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் பதில் சொன்னால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

78 கார்டு, அதில் 22 மேஜர், 56 மைனர் என்கிற பாலபாடத்தை விட்டுவிடுகிறேன். நான் பழகியது 1909-இல் லண்டனில் வெளியான ரைடர் வெயிட் ஸ்மித் வழியில். வெயிட் என்கிற எழுத்தாளர் சொல்லச் சொல்ல பமீலா கோல்மன் ஸ்மித் என்கிற ஓவியர் வரைந்தது. என் முதல் கட்டு, அந்தப் படங்களைத் தழுவி பிற்காலத்தில் யாரோ வரைந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். பழைய பிரெஞ்சு பாணி மார்செய் கட்டில் கோப்பை ஐந்து என்கிற கார்டு என்றால் ஐந்து கோப்பை அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். ஸ்மித் அங்கே ஒரு ஆளை நிற்க வைத்தார். கறுப்புப் போர்வை, குனிந்த தலை, காலடியில் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகள், முதுகுக்குப் பின்னால் கவிழாத இரண்டு. மூன்று போனதைப் பார்க்கிறான், இரண்டு இருப்பதைப் பார்க்கவில்லை என்று நானும் எல்லோரையும் போலத்தான் சொல்லிவந்தேன். வேலை போன சோகத்தில் இருந்த ஒருவருக்கு ஒருநாள் இந்தக் கார்டு வந்தது. நான் வழக்கமான வசனத்தை ஆரம்பிப்பதற்குள் அவர் கார்டைக் கையில் எடுத்து, "தூரத்துல பாலம் ஒண்ணு இருக்கே, பார்த்தீங்களா?" என்றார். கட்டு வாங்கி ஒரு வருடம் கழித்து அன்றுதான் அந்தப் பாலத்தை நான் பார்த்தேன். அதன் பிறகு அரை மணி நேரம் அவர்தான் பேசினார். எதிர்காலம் தெரிகிறதா என்றால், எனக்குத் தெரிந்ததில்லை. ஆனால் வாயைத் திறக்காத மனிதர்களைப் பேச வைக்க இதைவிட நல்ல சாமான் என்னிடம் வேறு இல்லை.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

கார்டு தலைகீழாக வந்தால் பொருள் வேறு என்பது எல்லோரும் சொல்வது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் எத்தெய்யா என்ற பெயரில் எழுதியவர் கார்டின் இரண்டு முனையிலும் வெவ்வேறு சொல் அச்சடித்தே விட்டார். சரி, இருக்கட்டும். ஆனால் கார்டு எப்படித் தலைகீழாகிறது என்று யாராவது யோசித்திருக்கிறோமா? கையில் பிடித்து மேலும் கீழுமாகக் கலைத்தால் ஒரு கார்டுகூடத் திரும்பாது. கார்டுக் கட்டை இரண்டாகப் பிரிக்கும்போது ஒரு பாதியைச் சுற்றி வைத்தால்தான் திரும்பும், இல்லையென்றால் மேஜையில் கொட்டிப் பிசைய வேண்டும். நான் சுத்தக்காரப் பேர்வழி. பலன் பார்த்து முடித்ததும் எல்லாக் கார்டையும் நேராக அடுக்கி டப்பாவில் போட்டுவிடுவேன். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் முதல் வருடத்தில் ஆறு வாரம் தொடர்ந்து ஒரு தலைகீழ்கூட இல்லை. "நல்ல காலம் நடக்கிறது" என்று அதன் கீழே நானே எழுதி வைத்திருக்கிறேன்! நல்ல காலமாவது ஒன்றாவது, அடுக்கி வைத்த பழக்கம்.

இதைச் சரி செய்யப் பாதியைச் சுற்றிக் கலைக்க ஆரம்பித்தேன். அப்போதும் தலைகீழ் அபூர்வமாகத்தான் வந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை சொன்னாள்: "நிலா கீழ இருக்கிற கார்டை நீ தொடவே மாட்டேங்கறே." கார்டின் முதுகில் ஒரு முனையில் பிறை நிலா, மறுமுனையில் வெறும் நட்சத்திரங்கள். அதாவது, எது நேர் எது தலைகீழ் என்று முதுகைப் பார்த்தாலே தெரியும். இரண்டு வருடம் என் கை அதைப் பார்த்துப் பார்த்து நேரான கார்டுகளாகப் பொறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் மட்டும் உள்ளுணர்வு என்று பெயர் வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த முதுகை வரைந்தவர் டாரட் கட்டு செய்கிறோம் என்று ஒரு நிமிடமாவது நினைத்தாரா என்று தெரியவில்லை. படங்கள் கொள்ளை அழகு, அதனால் கோபம் இரட்டிப்பு.

இப்போது வைத்திருப்பது எந்தப் பக்கம் திருப்பினாலும் முதுகு ஒரே மாதிரி இருக்கிற கட்டு. தலைகீழ் தாராளமாக வருகிறது, கெல்டிக் கிராஸ் என்கிற அடுக்கில் வைக்கிற பத்துக் கார்டில் நாலு ஐந்து. வந்தால் என்ன பொருள் என்பதுதான் அடுத்த தலைவலி. எதிர்ப்பொருளா, தாமதமா, சக்தி குறைவா? ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரம் எதிர்ப்பொருள் என்றார்கள், மூன்றாவது வாரம் அதே வாயால் "உள்முகமாகப் பார்க்கணும்" என்றார்கள். வெயிட்டிடமே போனால், கோல் நான்கு என்கிற கார்டு தலைகீழாக வந்தாலும் பொருள் மாறாது என்கிறார். அப்புறம் எதற்கு ஐயா திருப்பச் சொன்னீர்கள்? தொங்கும் மனிதன் என்கிற கார்டு இன்னும் வேடிக்கை. ஏற்கெனவே தலைகீழாகத் தொங்குகிறவன், கார்டு தலைகீழானால் ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கிறான், முகத்தில் அதே அமைதி. அதற்குச் சுயநலம், கூட்டம் என்று பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் இருப்பவரிடம் சுயநலம் என்று எப்படிச் சொல்வது? நான் சொல்வதில்லை. கார்டை மெல்ல நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் பேசுவேன். நேர்மையாகச் சொன்னால் இதுவும் அந்தப் பிறை நிலா வேலைதான், இந்தத் தடவை தெரிந்தே செய்கிறேன்.

தோழிக்கு என் பதில்: கற்றுக்கொள்ளாதே. மேலே பாலத்தைப் பற்றி அவ்வளவு உருகிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், நேற்று ராத்திரி எடுத்த மூன்று கார்டும் தலைகீழ், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், முன்பக்கப் படத்தில் மயங்குவதற்கு முன்னால் முதுகைத் திருப்பிப் பார். பழைய நிலாக் கட்டைச் சும்மாதானே வைத்திருக்கிறேன், அதைக் கொடு என்று மட்டும் கேட்காதே. தரமாட்டேன்.