நாய்க்கடி ஊசி: ஆரம்ப சுகாதார நிலையச் சேவை எப்படி?

பாபநாசம், திருவிடைமருதூர், மன்னார்குடி என டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாய்க்கடி ஊசி இலவசம். ஊசி மருந்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் சேவை சறுக்குவது ஊசிக்கு முன்னும் பின்னும்தான். ஏன் என்று புரிய, வெறிநாய்க்கடி நோயை (ரேபிஸ்) உண்டாக்கும் வைரஸின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும்.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவம். நீளம் சுமார் 180 நானோமீட்டர், அகலம் 75. உள்ளே சுமார் 12,000 எழுத்து நீளமுள்ள ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, அது உண்டாக்கும் புரதங்கள் ஐந்தே ஐந்து. வெளியே கொழுப்பு உறை, அதில் ‘ஜி’ என்ற புரதத்தாலான முட்கள். கடிவாயில் தசைக்குள் சில காலம் தங்கிப் பெருகும். பிறகு அந்த முட்களால் நரம்பு முனையைப் பற்றி உள்ளே போய், நாளுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் மூளையை நோக்கி ஏறும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளால் அதை எட்டிப் பிடிக்க முடியாது. நோய்க்குறி தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது. வயலில் வெறுங்காலோடு நிற்பவரின் கெண்டைக்காலில் கடித்தால் பாதை நீளம். குழந்தையின் முகத்தில் கடித்தால் அவகாசம் மிகக் குறைவு.

கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும். அதனால் அடிபம்பிலோ போர் தண்ணீரிலோ சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுவதுதான் முதல் சிகிச்சை. பல நிலையங்களில் இதைக் கேட்பதோடு சரி, "கழுவிட்டீங்களா?" "கழுவிட்டேன்", அடுத்தது ஓ.பி. சீட்டு. வாசலிலேயே குழாயும் சோப்பும் வைத்துக் கழுவ வைக்கும் நிலையத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை எதையும் அப்பிக்கொண்டு போகாதீர்கள், புண்தான் மோசமாகும்.

ஊசிக்கு வருவோம். வீரோ செல்களிலோ (குரங்கின் சிறுநீரகச் செல் வகை) கோழிக்கரு செல்களிலோ வளர்த்துக் கொன்ற வைரஸ் இது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அரசு முறை தோலுக்குள் போடுவது: இரண்டு மேற்கையிலும் தலா 0.1 மில்லி, முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாள்களில். சரியாகப் போட்டால் அந்த இடம் உடனே சிறு கொப்புளமாக எழும்பி, ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். எழும்பாவிட்டால் மருந்து ஆழத்தில் போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். இன்சுலின் சிரிஞ்சில் அளக்கும்போதும் கவனம் வேண்டும்: 100 யூனிட் சிரிஞ்சில் 0.1 மில்லி என்பது 10 யூனிட், 40 யூனிட் சிரிஞ்சில் 4 யூனிட். புட்டத்தில் போடவே கூடாது. கொழுப்பில் தங்கி, மருந்து சரியாக வேலை செய்யாது.

0.5 மில்லி குப்பி இரண்டு பேருக்குத்தான் போதும். உடைத்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் "ஆள் சேரட்டும், நாளைக்கு வாங்க" என்ற பதில் சில இடங்களில் வருகிறது. முதல் நாள் ஊசிக்கு இந்தப் பதிலை ஏற்கவே கூடாது. பின்னால் வரும் ஒரு ஊசி ஓரிரு நாள் தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. பத்தியமும் கிடையாது, மீன் கோழி தாராளமாகச் சாப்பிடலாம். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரிய ஓட்டை இம்யூனோகுளோபுலின், அதாவது வெளியிலிருந்து செலுத்தும் ஆயத்த எதிர்ப்பொருள்; சீரம் என்றும் சொல்வார்கள். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு அந்த இடைவெளியைக் காப்பது இதுதான். குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட். 60 கிலோ ஆளுக்கு 2,400 யூனிட் வரை, அதாவது மில்லிக்கு 300 யூனிட் மருந்தில் 8 மில்லி. கடிவாய்க்குள்ளும் அதைச் சுற்றியும் போட வேண்டும். கையில் போட்டு அனுப்பினால் வைரஸ் இருக்கும் இடத்தில் காவல் இல்லை. குழந்தைக்குப் பல கடி இருந்து மருந்து பற்றாவிட்டால் அளவைக் கூட்டாமல் சலைனில் கலந்து எல்லாப் புண்ணுக்கும் பகிர வேண்டும். சிறிய நிலையங்களில் இது இருப்பில்லை என்றால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அன்றைக்கே தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். முதல் ஊசியிலிருந்து 7 நாள் கடந்தால் இதைப் போடுவதில்லை. சீரம் போடுவதற்கு முன் எங்கேயும் தையல் போட விடாதீர்கள். தையல் ஊசி குத்தும் ஒவ்வொரு துளையும் வைரஸை நரம்புக்கு அருகே தள்ளும். போட்டே ஆக வேண்டிய கிழிசல் என்றால் சீரம் செலுத்திய பிறகு, தளர்வாக.

குளிர்பதனத்தையும் கேளுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பகுதி இது. ஐப்பசி, கார்த்திகையில் தனியார் கடையில் வாங்குவதானால் ஜெனரேட்டர் உள்ள கடையாகப் பார்த்து, ஐஸ் பையோடு வாங்குங்கள்.

என் கணக்கில் தடுப்பூசிக்கு 5-க்கு 5, கழுவ வைப்பதற்கு 2, சீரம் கிடைப்பதற்கு 2.