நில அதிர்வைப் பிடிக்க: படிவமா, செல்போனா, பெட்டியா?

2010 ஜனவரி 12 அன்று 7.0 அளவு நிலநடுக்கம் ஹைதியை நொறுக்கியபோது, அதிர்வைப் பதிவுசெய்யும் வலையமைப்பே அந்த நாட்டில் கிடையாது. 2021 ஆகஸ்ட் 14 அன்று 7.2 அளவில் மறுபடியும் ஆடியபோது, சில வீடுகளின் தரையில் கிடந்த கையடக்கப் பெட்டிகள் பின்னதிர்வுகளை ஒவ்வொன்றாக ஆய்வாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பெட்டியின் பெயர் ராஸ்பெர்ரி ஷேக். நில அதிர்வு ஆய்வுக்குச் சாதாரண மக்கள் தன்னார்வத்தோடு உதவும் வழிகளில் என் ஓட்டு அதற்குத்தான். ஆனாலும் போட்டிக்கு நிற்கும் மற்ற இரண்டையும், இணையப் படிவத்தையும் செல்போனையும், குறைத்துப் பேச முடியாது.

செலவே இல்லாதது, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'நீங்கள் உணர்ந்தீர்களா?' என்ற இணையப் படிவம். அலமாரியிலிருந்து பொருள்கள் விழுந்தனவா, சுவர் விரிசல் விட்டதா என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். 2011 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் 5.8 அளவில் அதிர்ந்தபோது 1,40,000-க்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. அத்தனை இடங்களில் கருவி வைக்க எந்த அரசாலும் ஆகாது. குறை என்னவென்றால், பேரழிவு நேர்ந்த இடத்தில் மின்சாரமும் இருக்காது, படிவம் நிரப்பும் மனநிலையும் இருக்காது. பதில்களை வரைபடத்தில் இட்டால் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை விழும்.

செல்போனின் பலம் வேகம். பெர்க்லி பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட மைஷேக் செயலி, போனைச் சாய்த்தால் திரையைத் திருப்புகிற அதே உணரியை வைத்து, நடையையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிகிறது. ஆனால் சிறிய அதிர்வுகள் அதற்குச் சிக்குவதில்லை. பெரியவற்றிலும் ஏமாறலாம்: 2023 பிப்ரவரியில் துருக்கியின் 7.8 அளவு நிலநடுக்கத்தை, இதேபோல் செல்போன்களை வைத்து இயங்கும் கூகுளின் ஆண்ட்ராய்டு எச்சரிக்கை அமைப்பு 5-க்கும் குறைவாக மதிப்பிட்டது. தவிர, இதில் பங்கேற்பவரைத் தன்னார்வலர் என்று அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் தானம் கொடுத்தது சட்டைப்பையை மட்டும்தான்.

பெட்டிக்குச் சில நூறு டாலர் செலவாகும். இணைய இணைப்பும் இடைவிடாத மின்சாரமும் வேண்டும். ஆனால் மனிதர்கள் உணராத நுண்ணதிர்வையும் அது பிடிக்கும். பல பெட்டிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதிர்வு எங்கே பிறந்தது என்று கணிக்கலாம். ஹைதியில் அரசு நிலையங்கள் மின்சாரமும் பராமரிப்பும் இல்லாமல் அடிக்கடி ஊமையாகின. வீட்டுக்காரர்களோ மின்வெட்டுக்குப் பழகியவர்கள், மாற்று ஏற்பாடு வைத்திருப்பவர்கள். பெட்டி நின்றுபோனால் ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும், பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். மேற்கு நேபாளத்தில் இதே பெட்டியை 22 பள்ளிகளில் வைத்தார்கள். அங்கே அது பாடக் கருவியும் ஆயிற்று.

வாங்குவதாக இருந்தால் மாடியில் வைக்காதீர்கள், கட்டடத்தின் ஆட்டமும் கலந்துவிடும். தரைத்தளத்தில், வெறுந்தரையில் வையுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.